எண்பத்தாறாம் பக்கத்துப் பையன்

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தானும் ஒருத்தி இருப்பதாகக் காட்டிக்கொள்கிறது. நீ, உன் வீட்டுக்காரி, சின்னது, மூவரும் சுகம்தானே? போனில் கேட்டால் உன்னிடமிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை நானே கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் இந்தக் காலத்திலும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பத்தாம் வகுப்புக்குப் புது வரலாற்றுப் புத்தகம். ஆசிரியர் அறையில் கட்டைப் பிரித்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். கணக்கு டீச்சர் எடையைப் பார்த்து, "பிள்ளைங்க முதுகு என்னத்துக்கு ஆகும்" என்றாள். நான் எட்டாம் பாடத்துக்குப் போனேன். எட்டாம் பாடம் நம்முடைய அணை. மூழ்கிய ஊர்களின் வரிசையில் நம் பழைய ஊரும் இருக்கிறது. ஒரு கமாவுக்கும் இன்னொரு கமாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

எண்பத்தாறாம் பக்கத்தில் ஒரு படம். சாமான் ஏற்றிய லாரி. கவிழ்த்துப் போட்ட கட்டில், தையல் மெஷின், பாத்திர மூட்டை. மூட்டை மேல் ஒரு பையன் நின்றுகொண்டு கையை ஆட்டிச் சிரிக்கிறான். லாரியிலேயே அவன் காலடியில் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, படுக்கைச் சுருட்டின் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். படத்துக்கு அடியில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "மார்ச் 20. அணைப்பகுதி மக்கள் மகிழ்ச்சியுடன் புதிய குடியிருப்புக்குப் புறப்படுகின்றனர்."

குட்டை, அந்தப் பையன் நீ.

இந்தக் கடிதத்தோடு அதன் நகல் வைத்திருக்கிறேன். உலகத்திலேயே நீ சிரிக்கிற ஒரே போட்டோ இதுதான் என்று நினைக்கிறேன். உன் கல்யாண ஆல்பத்தை முழுக்கப் புரட்டினாலும் ஒன்றில்கூடப் பல் தெரியாது.

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மகிழ்ச்சியுடன் யார் போனார்கள்? அன்றைக்கு நான் ஹாஸ்டலில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்து மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான். என்ன நடந்தது, ஏன் சிரித்தாய், இரண்டையும் எழுது. வகுப்பில் சொல்ல வேண்டும்.

சின்னதுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முழங்காலைக் கவனித்துக்கொள். மாடி வகுப்பை வேறு யாருக்காவது மாற்றிக் கொடுக்கச் சொல். தலைமையாசிரியர் உன் பேச்சைக் கேட்பார், கேட்காமல் இருந்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

இங்கே வேலை மூச்சு முட்டுகிறது. போன வாரம் ஒரு பழைய கட்டிடத்தில் லிப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டரும் பல் பிடுங்கப் போன ஆளும். டாக்டர் கதவைத் தட்டித் தட்டிக் கத்துகிறார். மற்றவர் மட்டும், "மெதுவா பண்ணுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார். மாட்டிக்கொண்டவர்களை எதையாவது பேசிக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும்.

சின்னது இரண்டாம் வகுப்பு. கணக்கு வருகிறது. எழுத்துதான் கோழி கிளறினது மாதிரி.

நகல் வந்தது. ஒரே கறுப்பாக இருக்கிறது. எந்தப் பையனோ. அன்றைக்கு எத்தனை லாரி, எத்தனை பையன்கள்.

உன் தம்பி


ஜூலை 11

அன்புள்ள குட்டைக்கு,

நலம், நலம் அறிய ஆவல். அந்த மரியாதை முடிந்தது. இனிச் சண்டைக்கு வருகிறேன்.

எந்தப் பையனோவா? என்னிடமா? கரும்பலகை மூலையில் வருஷம் பூராவும் நான் எழுதி வைப்பது மூன்று கேள்விகள். யார் சொன்னது, எப்போது சொன்னது, ஏன் சொன்னது. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரே "யார் சொன்னது டீச்சர்". இதோ என் சாட்சியங்கள். பையனின் சட்டையில் பை வலது பக்கம் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் ஒழுங்காகத் தைத்த அப்பா, உனக்கு மட்டும் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டு, "இடது கைக்காரனுக்கு இதுதாண்டா வசதி" என்று சமாளித்தார். நீ இடது கைக்காரனே இல்லை. அடுத்தது, காதுகள். அதைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்வாய். மூன்றாவது, அந்தத் தையல் மெஷின். அது இப்போது என் பின்னால் நிற்கிறது. மேலே விடைத்தாள் கட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா மட்டும் படத்தில் இல்லை. முன்னால் டிரைவர் பக்கத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார். மறுநாள் காலை புது வீட்டில், நான் இப்போது இருக்கிற இதே வீட்டில், கண்ணை மூடிவிட்டார். ஒரே ஒரு ராத்திரியாவது சொந்தக் கூரைக்குக் கீழே தூங்கினார் என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் அதுதான் ஆறுதல்.

அதைப் பற்றிச் சொல்லும்போது உன்னுடைய வேறொரு ஒழுங்கீனமும் ஞாபகம் வருகிறது. அப்பா நாளன்று ஒரு வரியாவது எழுதிக்கொள்வது என்று நமக்குள் ஒரு வழக்கம். நீ ஒவ்வொரு வருஷமும் மார்ச் 20 என்று தேதி போட்டு அனுப்புவாய். அவசரக்குடுக்கை. நானும் ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில் 21 என்று திருத்தித்தான் பெட்டியில் வைக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் தவறு இருந்தால் டிசம்பருக்குள் பாடநூல் அலுவலகத்துக்கு எழுதலாம். நேரில் பார்த்தவரின் வாக்குமூலம் கையெழுத்தோடு இருந்தால் பரிசீலிப்பார்களாம். தலைமையாசிரியர், "உங்களுக்கு ஏன் டீச்சர் இந்த வம்பு, மார்க் வந்தா போதாதா" என்றார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம். என்னால் அந்த "மகிழ்ச்சியுடன்" என்ற சொல்லை வாயால் வாசிக்க முடியவில்லை. இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை. எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புது லிப்ட் பொருத்துகிறோம். ஸ்ட்ரெச்சர் போகிற லிப்ட் என்பதால் தரைக்கும் லிப்டுக்கும் நடுவில் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. மட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போகிறது. கூட வேலை செய்கிறவன் ஒருவன் எந்நேரமும் பாட்டு. அதுவும் பாதிப் பாட்டு, மீதி அவனுக்கே தெரியாது.

மழைக்கு முன்னால் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல். சமையலறை மூலையில் ஒழுகும். வீட்டுக் காகிதங்கள் அலமாரியில்தானே இருக்கின்றன? அங்கேயே இருக்கட்டும். வீட்டைப் பற்றி, அது எப்படிக் கிடைத்தது என்பதைப் பற்றி எந்த அலுவலகத்துக்கும் நீயாக எதையும் எழுதாதே.

வாக்குமூலம் எல்லாம் எனக்கு வராது. நான் சின்னப் பையன். ஒன்றும் ஞாபகம் இல்லை. விட்டுவிடு அக்கா.

உன் தம்பி


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். கூரையைப் பார்க்க ஆள் வந்தான், பார்த்தான், போய்விட்டான். கூரை அப்படியே இருக்கிறது.

ஞாபகம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பதினொரு வயதுப் பையனுக்கு ஊரே மூழ்கப் போவது ஞாபகம் இருக்காதா? உன் மூன்று வயதில் நான் உன் பம்பரத்தை ஒளித்து வைத்ததை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறவன் நீ. வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

உனக்காகக் காத்திருந்தால் பாடம் நடக்காது. திங்கட்கிழமை எண்பத்தாறாம் பக்கத்துக்கு வந்துவிட்டோம். என் வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள். கடைசி பெஞ்ச், கேள்வி மட்டும் முதல் பெஞ்ச். எழுந்து நின்று, "டீச்சர், சந்தோஷமா போகலன்னு நீங்க சொல்றீங்க. அப்ப இந்தப் பையன் ஏன் டீச்சர் சிரிக்கிறான்?" என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்க்கிறது. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவன் சின்னப் பையன்மா. முதல் தடவையா லாரி ஏறுறான். அந்தக் குஷியில சிரிக்கிறான். ஊர் போறது அவனுக்கு எங்கே புரியப்போகுது" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. உன்னைத் தெரியாதா எனக்கு? மாட்டு வண்டி போனால்கூடப் பின்னாலேயே ஓடுவாய்.

நேற்று வகுப்புத் தேர்வில் அதையே கேட்டேன். நாற்பது பேரும் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி, "அச்சிறுவன் லாரிப் பயணத்தால் மிகுந்த ஆனந்தம் அடைந்தான், அவனுக்குக் கவலை என்பதே இல்லை" என்று எழுதியிருக்கிறாள். இன்னொருவன் ஒரு படி மேலே போய், "அவன் ஒரு விளையாட்டுப் பிள்ளை, வீட்டுக் கஷ்டம் அறியாதவன்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். உன்னைப் பற்றித்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

ஆட்சேபக் கடிதத்தை நானே எழுத ஆரம்பித்துவிட்டேன். மனம் மாறினால் நீயும் இரண்டு வரி சேர்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கிற டிக்கெட் கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரம் இது. நடுவில் யாராவது வந்து சில்லறை கேட்டால் எழுத்து கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று அவர் அதை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தார். நான் கறிகாய் வாங்கிக்கொண்டு வந்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "என்னங்க, அண்ணிக்கு ஏதாவதா" என்று கேட்டேன். "அக்கா நல்லா இருக்கா. நாப்பது பேருக்கு முழு மார்க் போட்டிருக்கா" என்றார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். அவ்வளவுதான்.

போன வாரம் பள்ளிக்கூட அட்டைக்காகச் சின்னதை ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். போட்டோ எடுக்கிறவர், "பாப்பா, சிரி. அழகா சிரி பார்ப்போம்" என்று கொஞ்சினார். பிள்ளைக்கு வெட்கம், சிரிக்கவில்லை. அவர் திரும்பவும் "சிரிம்மா" என்றார். உங்கள் தம்பி நேராகப் போய்ப் பிள்ளையை ஸ்டூலிலிருந்து தூக்கிக்கொண்டார். "அவளுக்கு வேணும்னா சிரிப்பா. நீங்க சொல்லாதீங்க" என்றார். சத்தம் போடவில்லை அண்ணி. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பயமாக இருந்திருக்காது.

எங்கள் கல்யாணத்தில் அவர் சிரிக்கவில்லை என்று என் வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு. பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று என் அத்தைகள் கிசுகிசுத்தார்கள். நானும் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்து அழுதிருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது.

அந்த நகலை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது அண்ணி? உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். தெரியாவிட்டால் தயவுசெய்து அதைப் பற்றி அவரிடம் இனிமேல் கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? நானும் சுகம்.

ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று தெரிகிறது. என்ன தவறு என்று தெரியவில்லை. உன்னிடம் கேட்காமல் உன்னைப் பற்றி நாற்பது பேருக்குப் பாடம் நடத்தினேன். யார் சொன்னது என்று ஊரையெல்லாம் கேட்கிறவள், எனக்கு நானே சொல்லிக்கொண்டதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இனிமேல் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். லிப்ட் கதை எழுது. அந்தப் பாதிப் பாட்டுக்காரன் மீதிப் பாட்டைக் கற்றுக்கொண்டானா?

ஆட்சேபக் கடிதம் அரைகுறையாக மெஷின் மேல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

அக்கா


டிசம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை உட்கார்ந்து படி.

உன் மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். யார் சொன்னது? நான். எப்போது? இவ்வளவு வருஷம் கழித்து. ஏன்? "வீட்டுக் கஷ்டம் அறியாதவன்" என்று ஒரு பிள்ளை எழுதி, நீ அதற்கு மார்க் போட்டதால். மற்றவர்கள் நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும். நீ நினைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் நாள் சாயங்காலமே எல்லோரும் சாமானோடு ரோட்டோரம் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் கழற்றியாயிற்று. அப்பாவுக்கு இருமல் அதிகம். கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். விடிகிற நேரத்தில் அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். திரும்பி வந்தேன். "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே" என்றாள். நான் அவர் காலைத் தொட்டேன். எப்போதும் அப்படித் தொட்டுத்தான் எழுப்புவேன். அந்தக் கால் வேறு மாதிரி இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

அப்பா இறந்தது அங்கே, அக்கா. ரோட்டோரத்தில். மார்ச் 20. புது வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை.

ரோட்டோரத்தில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குடும்பத்தில் ஒரு பெரியவர் அதே மாதிரி போய்விட்டார். லாரி ஆட்கள், "செத்தவங்களை ஏத்த முடியாது. இங்கேயே புதைச்சிட்டு வாங்க" என்று சொன்னதை அம்மா காதால் கேட்டாள். அந்த இடத்துக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். "அவரைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று என் காதில் சொன்னாள். அவரைப் பாயோடு சுற்றி, மேலே மெத்தையை வைத்து, நாங்கள் இரண்டு பேருமாக ஏற்றினோம். லாரி ஆள் ஒருவன் கை கொடுத்தான். "படுக்கை என்னம்மா இவ்வளவு கனம்" என்றான். "பஞ்சு நனைஞ்சு போச்சு" என்றாள்.

எண்பத்தாறாம் பக்கத்தை எடுத்துப் பார். அம்மா கை வைத்திருப்பது படுக்கைச் சுருட்டின் மேல் இல்லை.

லாரி கிளம்புகிற நேரத்தில் கேமராக்காரர் வந்தார். நான் மேலே நின்றுகொண்டு அழுதுகொண்டிருந்தேன். "தம்பி, இங்க பாரு, கை ஆட்டு" என்றார். பக்கத்திலிருந்த அதிகாரி, "பையன் ஏன் அழறான்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே லாரியை நோக்கி வந்தார். அம்மா என் ஆடுசதையைக் கிள்ளினாள். "சிரிடா. நல்லா சிரி. அவர் வந்து பார்த்தா அப்பாவை இறக்கிடுவாங்க." நான் சிரித்தேன். அதிகாரி நின்றுவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் நீ பாடம் நடத்தினாய்.

புதுக் குடியிருப்பில் குடும்பத் தலைவர் உயிரோடு வந்து சேர்ந்தால்தான் அன்றைக்கே வீடு. இல்லாவிட்டால் விசாரணை, காத்திருப்பு, கிடைத்தால் உண்டு. அம்மா அப்பாவைத் திண்டு வைத்துச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். பெயர் சரிபார்க்க வந்தவரிடம், "காய்ச்சல், இப்பதான் கண்ணசந்தார்" என்றாள். அவர் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில்தான் அம்மா வாய்விட்டு அழுதாள். அது வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தோம்.

உன்னிடம் சொல்லவில்லை. முதலில், உனக்குப் பரீட்சை. அப்புறம், சொல்லட்டுமா என்று நான் கேட்டபோதெல்லாம் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அவகிட்ட சொன்னா அவ நேரா போய் எல்லாத்தையும் திருத்தி எழுதிட்டு வந்துடுவா." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள்.

உனக்கு வேண்டுமானால் இதை அனுப்பு. கையெழுத்து கீழே இருக்கிறது. எனக்கு இதற்கு மேல் தெம்பு இல்லை.

உன் தம்பி


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. தபால் கிடைத்ததா? போன் அடித்தால் மணி போகிறது, நீ எடுக்கவில்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு அடித்தேன். "டீச்சர் வகுப்பில இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்றார்கள். நல்லா இருப்பதாக யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பாதிப் பாட்டுக்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான். லிப்ட் குழிக்குள் இப்போது சத்தமே இல்லை.

எழுத வேண்டாம். படித்துவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி போடு.

உன் தம்பி


மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

படித்துவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று, நீ வருஷாவருஷம் அப்பா நாளுக்கு எழுதிய வரிகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் 20 என்று உன் கோணல் எழுத்து. ஒவ்வொன்றின் மேலும் என் சிவப்பு மை. உன்னால் சொல்ல முடிந்த ஒரே உண்மையை நீ வருஷம் தவறாமல் எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் அதைத் தவறு என்று திருத்தித் திருத்தி அடுக்கி வைத்திருக்கிறேன். மையை அழிக்கப் பார்த்தேன். தாள்தான் கிழிந்தது. அதற்குப் பிறகு பேனா எடுக்கக் கை வரவில்லை.

ஆட்சேபக் கடிதத்தை அனுப்பவில்லை. டிசம்பர் போய்விட்டது. வீட்டுக்காகப் பயந்து விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. எழுதினால் அம்மாவை எழுத வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு, பக்கவாட்டில் "மோசடி" என்று குறிப்பு எழுதுவார். அவர் வேலை அது. அந்தக் கையில் அம்மாவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். திருத்தி எழுதத்தான் எனக்குத் தெரியும். முதல் தடவையாக ஒன்றைத் திருத்தாமல் விடுகிறேன். புத்தகத்தில் "மகிழ்ச்சியுடன்" அப்படியே இருக்கும். அடுத்த வருஷப் பிள்ளைகளும் அதைத்தான் படிப்பார்கள்.

ஒன்று மட்டும் செய்தேன். வகுப்பில் எண்பத்தாறாம் பக்கத்தைத் திரும்பவும் எடுக்கச் சொன்னேன். "இந்தப் பையன் ஏன் சிரிக்கிறான்னு நான் சொன்னேன் இல்லையா? அது தப்பு. எனக்குத் தெரியாமலே சொல்லிட்டேன். அடிச்சிடுங்க" என்றேன். வாயாடி எழுந்தாள். "அப்ப சரியான விடை என்ன டீச்சர்?" "அவன் சிரிக்கிறான்னு மட்டும்தான் படத்துல தெரியுது. ஏன்னு தெரியல. தெரியலன்னு எழுதினாலும் நான் மார்க் போடுவேன்" என்றேன். "பப்ளிக் எக்ஸாம்ல போடுவாங்களா?" என்று கேட்டாள். போட மாட்டார்கள். "அங்க மகிழ்ச்சியுடன்னே எழுதும்மா" என்றேன். என் வாயால்தான் சொன்னேன், குட்டை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் பரீட்சை. இன்று காலை கடைசித் திருப்புதல். ஒரு மதிப்பெண் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஜூனிலிருந்து நான்தான் அவர்களுக்கு எல்லாத் தேதியையும் உருப்போட வைத்திருக்கிறேன். எட்டாம் பாடம் வந்தது. அணைப்பகுதி மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாள் எது என்று கேட்டேன்.

நாற்பது பேரும் ஒரே குரலில் "மார்ச் இருபது" என்றார்கள்.

"இன்னைக்குத்தான் டீச்சர் அந்தத் தேதி" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார்கள். யாருடைய நாளைச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பாவம், நன்றாகச் சத்தமாகச் சொன்னார்கள்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் பரவாயில்லை. உன் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, அவள் உன் கல்யாண ஆல்பத்தை இத்தனை வருஷமாகத் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். சின்னதின் போட்டோ வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

உன்னுடைய இந்த வருஷத்து வரி நாளையோ மறுநாளோ வந்துவிடும். அதில் நான் கை வைக்க மாட்டேன்.

அக்கா